பவுலின் வீட்டு வடக்குச் சுவர்

பெங்களூர் மர்பி டவுனில் மாதா கோயிலுக்குப் பின்பக்கச் சந்தில் நுழைந்து பவுலின் வீடு எது என்று கேட்டால், "வாசல்ல செருப்பெல்லாம் வரிசையா இருக்கும் பாருங்க, அதான்" என்பார்கள். வேறு அடையாளம் தேவையில்லை.

பவுலினுக்கு ஐம்பத்தொரு வயது. அதே சந்தில் பிறந்து, அதே கோயிலில் ஞானஸ்நானம் வாங்கி, அதே கோயிலில் தாலி கட்டிக்கொண்டவள். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. இருபத்திரண்டு வருஷமாக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அவள் துடைத்த வார்டில் கட்டிலுக்கு அடியில்கூட ஒரு தூசி அகப்படாது. வீட்டிலும் அதே கைதான். ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு, மேலே மொட்டை மாடி, அவ்வளவுதான் வீடு. ஆனால் அந்தத் தரையில் சோற்றைக் கொட்டி அள்ளிச் சாப்பிடலாம் என்று ஜோசஃபின் டீச்சர் ஒருமுறை எல்லார் முன்னாலும் சொன்னார். அந்தச் சொல்லை பவுலின் வெளியே காட்டாமல் உள்ளே பொத்தி வைத்துக்கொண்டாள். படுக்கும் முன் ஜெபத்தில் ஆண்டவரிடம் தாழ்மையைக் கேட்பாள். கேட்டு முடித்ததும் டீச்சர் சொன்னது ஒரு தடவை ஞாபகம் வரும்.

ஜோசஃபின் டீச்சர்தான் அவர்கள் அன்பியத்துக்குத் தலைவி. பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்த்துக் கோயிலில் ஏற்படுத்திய குழு அது. இவர்கள் குழுவில் இருபத்திநாலு வீடு. அக்டோபர் மாதம் கோயிலில் இருக்கிற மாதா சிலை, சுரூபம் என்பார்கள், நாளுக்கு ஒரு வீடாக வரும். சாயங்காலம் எல்லாரும் அந்த வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வார்கள். மாதா அன்றைக்கு அங்கேயே தங்கி, மறுநாள் அடுத்த வீட்டுக்குப் போவார்கள். பவுலினுக்குக் கிறிஸ்மஸைவிட அந்த ஒரு நாள் பெரிது. அதற்கென்றே மொட்டை மாடியில் பதினோரு தொட்டி ரோஜா வளர்த்தாள். கடையில் வாங்கின பூ அவள் வீட்டில் மாதாவுக்கு ஏறியதே இல்லை.

இந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் பிடித்த மழை விடவே இல்லை. துணி காயவில்லை. ஹாலுக்குள்ளேயே கொடி கட்டி, சாரல் அடிக்கிறதென்று ஜன்னலையும் சாத்தி வைத்திருந்தாள். மாதா வருவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது, மேசைக்கு விரிக்கிற வெள்ளைத் துணியை எடுக்கலாம் என்று பீரோவைத் திறந்தாள். நனைந்த சாக்கை மூலையில் போட்டு மறந்துவிட்டால் ஒரு வாடை வருமே, அது வந்தது. அவள் கையால் பூவேலை செய்த துணி. அதில் மிளகுப் பொடியைத் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள்.

தியோடரைக் கூப்பிட்டுப் பீரோவை நகர்த்தச் சொன்னாள். தியோடர் அவள் வீட்டுக்காரர், அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. இரண்டு பேரும் முக்கி இழுத்ததும் வடக்குச் சுவர் தெரிந்தது. தரையிலிருந்து மார்பு உயரத்துக்குப் பூஞ்சை படர்ந்திருந்தது. கறுப்பு, நடுநடுவே பச்சை, ஓரத்தில் பஞ்சு மாதிரி வெள்ளை. போன வருஷம் அடித்த பெயிண்ட் தோலாக உரிந்து தொங்கியது.

பவுலினுக்குப் பயம் வரவில்லை. குளித்துக்கொண்டிருக்கும்போது கதவு தானாகத் திறந்துகொண்டால் எப்படி இருக்கும், அப்படிக் கூசிப்போனாள்.

"மழைல ஓதம் ஏறியிருக்குது. அதுக்கு ஏன் மூஞ்ச இப்படி வெச்சிக்கினு நிக்கற?" என்றார் தியோடர்.

"வெளிய யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"சுவத்தப் பத்தி நான் யார்கிட்ட போய் சொல்லப் போறேன்?"

தரை கழுவத் தெரிந்தவள், சுவரையும் அதே மாதிரி கழுவினாள். பினாயில் கலந்த தண்ணீர் இரண்டு வாளி ஊற்றித் தேய்த்தாள். அன்றைக்குப் பளிச்சென்று ஆயிற்று. சுவர் அத்தனை தண்ணீரையும் குடித்துவிட்டு மூன்றாம் நாள் முன்னைவிடக் கறுத்துப் போனது. மீந்துபோன பெயிண்டைத் தேடி எடுத்து மேலே பூசினாள். அது அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வெடித்தது. கடைசியில், ஜன்னல் கம்பியிலிருந்து சமையல்கட்டுக் கதவு வரைக்கும் கோணலாக ஒரு கயிறு கட்டி, நீலப் பெட்ஷீட்டைத் தொங்கவிட்டாள். சாம்பிராணி போட்டாள். வாடை சாம்பிராணியோடு கலந்து இன்னும் மோசமானது.

அவள் இவ்வளவு பதறியதற்கு ஒரு காரணம் உண்டு. சந்தின் கடைசியில், பள்ளத்தில், அன்னாவின் வீடு. புருஷன் இல்லாதவள், தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறவள். ஒவ்வொரு மழைக்கும் அவள் வீட்டுக்குள் தண்ணீர் வரும். போன அக்டோபரில் அங்கே ஜெபமாலைக்குப் போனபோது, பவுலின் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அடுத்த வீட்டு ஸ்வர்ணாவிடம் மெதுவாகச் சொன்னாள்: "ஜன்னல தொறந்து வெக்க மாட்டாளா? மாதா இருக்கற வீடு, இப்படியா நாறும்?" ஸ்வர்ணா சிரித்தாள். அன்னா நாலடி தள்ளி டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்காது என்று பவுலின் ஒரு வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும் ஜோசஃபின் டீச்சரிடம் போனாள். மழையால் சுவர் கெட்டுவிட்டது என்று சொல்லத்தான் நினைத்தாள். டீச்சர் முந்திக்கொண்டார்.

"புதன்கிழமை உங்க வீடுமா. உங்க வீடுன்னா எனக்குக் கவலயே இல்ல."

அந்தச் சொல் அவள் வாயைக் கட்டிவிட்டது. "டீச்சர், இந்தத் தடவ எங்க வீட்ட விட்டுடுங்க. அவருக்கு ஜுரம்" என்றாள்.

"அடடா, எத்தினி நாளா?"

"நாலு நாளா."

"டெங்குவா இருக்கப் போவுதும்மா. டெஸ்ட் எடுத்தீங்களா?"

பவுலின் தலையாட்டினாள்.

"பிளேட்லெட் எவ்வளவு?"

ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவளுக்கு அது தடையில்லாமல் வந்தது. "எண்பதாயிரம், டீச்சர்."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் சொன்னார். கோயில் வாசலில் நின்று பவுலின் "ஆமென்" என்றாள்.

ஒரு பொய்யைக் காக்க இன்னொரு பொய் வேண்டியதாயிற்று. அடுத்த வீட்டு ஸ்வர்ணாவின் காதில் ஸ்கூட்டர் சத்தம் விழக்கூடாதே. "அவங்க பேரக் குழந்த அப்போதான் தூங்குதாம், வண்டிய முனை வரைக்கும் தள்ளிக்கினு போய் ஸ்டார்ட் பண்ணுங்க, வரும்போதும் முனைலயே ஆஃப் பண்ணிடுங்க" என்று தியோடரிடம் சொன்னாள். அவர் நல்ல மனிதர், மூன்று நாளும் மழையில் தள்ளிக்கொண்டு போனார். செவ்வாய்க்கிழமை பூசையில் நோயாளிகள் பேரோடு தியோடர் பேரையும் ஃபாதர் வாசித்தார் என்று அன்பியத்தின் வாட்ஸப்பில் டீச்சர் குரல் அனுப்பியிருந்தார். ஆஸ்பத்திரி லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் நின்று அதைக் கேட்ட பவுலின், மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு இன்னொரு தடவை கேட்டாள். சாயங்காலமே டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சாயங்காலம் வந்தபோது, நாளை ஒரு நாள் கழிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். தெருவில் மாதா பாட்டு கேட்டது. தன் வீட்டை விட்டுவிட்டதால் அன்றைக்கு அன்னா வீட்டுக்குப் போகிறார்கள், இந்த வழியாகத்தான் போவார்கள் என்று பாட்டு தாண்டுவதற்காகக் காத்திருந்தாள். பாட்டு தாண்டவில்லை, வாசலிலேயே நின்றது.

கதவைத் திறந்தால் ஜோசஃபின் டீச்சர், கையில் மாதா சுரூபம். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர், சொட்டச் சொட்டக் குடைகள்.

"சொகமில்லாத வீட்டத் தாண்டிப் போக மனசு வரலமா. இங்க ஒரு ஜெபமாலை சொல்லிட்டு அன்னா வீட்டுக்குப் போறோம். அன்னாதான் சொன்னா."

அன்னா ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டினாள். உள்ளே கரும்பச்சையாக ஏதோ இருந்தது. "பப்பாளி எல சாறு. பிளேட்லெட் ஏறும். அரைச்சு வடிகட்டியிருக்கறேன்."

பவுலின் வழியை மறித்துக்கொண்டுதான் நின்றாள். ஆனால் மாதாவைக் கையில் வைத்துக்கொண்டு மழையில் நிற்கிறவர்களை எவ்வளவு நேரம் மறிப்பது? ஒதுங்கினாள். அவர்கள் செருப்பை வரிசையாக விட்டு உள்ளே வந்தார்கள். மேசைமேல் துணிகூட இல்லை. வெறும் பலகையில் மாதாவை வைத்தார்கள்.

டீச்சர் நீலப் பெட்ஷீட்டைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "தூங்கறாரா?"

பெட்ஷீட்டுக்குப் பின்னால் பாய் விரித்துத் தியோடர் படுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். பவுலினுக்கு அது புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும், இல்லை என்று சொல்லத் தெம்பில்லாமல் தலையை அசைத்தாள்.

"எழுப்பாதீங்க, பாவம்."

எல்லாரும் பெட்ஷீட்டைப் பார்த்து முழங்காலிட்டார்கள். ஜெபம் குசுகுசுவென்று தொடங்கியது. நோயாளி விழித்துக்கொள்ளக் கூடாதென்று இருமல் வந்தவர்கள்கூட அடக்கிக்கொண்டார்கள். பின்னாலிருந்து யாரோ, "சொகமில்லாத வீடு, வாடை அடிக்கத்தான் செய்யும்" என்று மெல்லச் சொல்வது கேட்டது. அன்னா மட்டும் பெட்ஷீட்டின் அடி ஓரத்தைப் பார்த்தபடி இருந்தாள். ஓரம் ஈரத்தில் ஊறிக் கறுப்புக் கரை கட்டியிருந்தது.

பவுலின் ஜெபமாலையைப் பிடித்திருந்தாள். மணிகள் நகரவில்லை. பன்னிரண்டு பேர் பூஞ்சை பிடித்த சுவர் முன்னால் மண்டியிட்டு, திடமாக இருக்கிற மனிதருக்குச் சுகம் கேட்கிறார்கள். கேட்பது மாதாவிடம். மாதாவுக்குச் சுவரும் தெரியும், பெட்ஷீட்டும் தெரியும். மாதா முகத்தைப் பார்க்க முடியாமல் பவுலின் சுரூபத்தின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெபமாலையைப் பத்துப் பத்து மணியாக ஐந்து கட்டமாகச் சொல்வார்கள். மூன்றாவது பத்து மணி முடிகிற நேரம், வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. மழையில் பட்டறையில் கரண்ட் போய்விட்டதால் தியோடர் சீக்கிரம் புறப்பட்டுவிட்டார். மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக உள்ளே எட்டிப் பார்த்தார். மாதாவைக் கண்டதும் ஹெல்மெட்டைக் கழற்றி, சிலுவை போட்டுக்கொண்டு, கதவோரமாக ஸ்வர்ணாவுக்குப் பக்கத்தில் பக்தியோடு மண்டியிட்டார். ஸ்வர்ணா கன்னடக்காரி, கிறிஸ்தவ வேதத்தில் சேராதவள். ஆனாலும் வருஷா வருஷம் மல்லிகையோடு ஜெபமாலைக்கு வந்துவிடுவாள்.

தியோடர் அவள் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார். "யாருக்குமா சொகமில்ல?"

ஸ்வர்ணா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "நிமகே அண்ணா" என்றாள். உங்களுக்குத்தான்.

ஜெபம் ஒவ்வொரு வாயாக நின்றது.

"தியோடர், நீங்க எப்போ வெளிய போனீங்க?" என்றார் டீச்சர்.

"காலைல ஏழு மணிக்கு, டீச்சர். ஏன்?"

ஸ்வர்ணா பெட்ஷீட்டைக் காட்டினாள். "அப்போ உள்ள இருக்கறது யாரு?"

பவுலின் எழுந்தாள். தான் சொல்லாவிட்டால் இன்னொருத்தர் கை அந்தப் பெட்ஷீட்டை விலக்கும், அதை மட்டும் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. கயிற்றின் முடிச்சை அவளே அவிழ்த்தாள். பெட்ஷீட் கீழே விழுந்தது.

"யாரும் இல்ல. சுவர்தான். அவருக்கு ஜுரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதப் பாத்துடுவீங்கன்னு பொய் சொல்லிட்டேன்."

ஸ்வர்ணாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். தியோடர் மழைக்கோட்டின் பித்தானை அவிழ்ப்பதும் போடுவதுமாக இருந்தார். மூன்று நாள் எதற்காக வண்டியைத் தள்ளினோம் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். அதைப் பற்றி அவர் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பவுலினுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"எண்பதாயிரம்னு சொன்னீங்களேம்மா" என்றார் டீச்சர். கோபம் இல்லாத குரல், அதுதான் பொறுக்க முடியவில்லை. "ஃபாதர் பூசைல பேர் வாசிச்சாரே."

பவுலின் கீழே விழுந்த பெட்ஷீட்டைக் குனிந்து எடுத்தாள்.

அன்னா எழுந்து சுவரருகே போனாள். ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு திரும்பாமலேயே, சாதாரணமாகச் சொன்னாள்:

"ஜன்னல தொறந்து வெக்க மாட்டியா?"

மற்றவர்களுக்கு அது ஒரு கேள்வி மட்டும். பவுலினுக்கு அது போன வருஷம் தான் சொன்ன அதே வார்த்தை. இவளுக்கு அன்றைக்கே கேட்டிருக்கிறது. ஒரு வருஷமாகத் தெரிந்துகொண்டேதான் கோயிலில் பார்த்தால் சிரித்தாள், பப்பாளி இலையும் அரைத்தாள்.

"டீச்சர், மாதாவ எடுத்துக்கினு போங்க. இந்த வீட்ல வேணாம்" என்றாள் பவுலின்.

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "பாதில விட்டுட்டுப் போவக்கூடாது. இன்னும் ரெண்டு பத்து மணி பாக்கி இருக்குது. முட்டி போடுங்க எல்லாரும்."

"யாருக்காக டீச்சர்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது மாதாவுக்குத் தெரியும்."

ஜெபத்தை முடித்துக்கொண்டு மாதாவைத் தூக்கினார்கள். அன்னா கடைசியாகப் புறப்பட்டாள். "இவ்ளோ அரைச்சிட்டேன், கொட்டவா மனசு வருது" என்று பாட்டிலைத் தியோடரிடம் நீட்டினாள். அவர் இரண்டடி பின்னால் போனார். பவுலின் வாங்கி, நின்ற நிலையில் முழுக்கக் குடித்தாள். நாக்கிலிருந்து வயிறுவரை கசந்தது. அன்னா காலிப் பாட்டிலை வாங்கிக்கொண்டு மழையில் இறங்கினாள்.

மறுநாள் பவுலின் வேலைக்கு லீவு சொன்னாள். ஜுரம் என்று சொல்லவில்லை, வீட்டில் வேலை என்றாள். எட்டு மணிக்கெல்லாம் அன்னா வந்து நின்றாள். மூக்கில் துணி கட்டியிருந்தாள். கையில் பிளீச்சிங் பவுடர், பழைய பிரஷ், ஒரு கட்டுக் கிழிசல் துணி.

"தண்ணி ஊத்தாத, பவுலின். நீ ஊத்தித்தான் கெடுத்திருக்கற. துணிய முக்கிப் பிழிஞ்சு, துடைச்சு எடு. துடைச்ச துணிய திரும்ப முக்காத, தூக்கிப் போடு. ரெண்டு ஜன்னலும் தொற. ஃபேனத் திருப்பி சுவத்துக்கு வை. பீரோவ ஒரு சாணாவது தள்ளிப் போடு, சுவரு மூச்சு விட வேணாமா? இது காயாம பெயிண்ட் பக்கமே போவாத. வெயில் வந்து ரெண்டு மாசம் ஆவட்டும்."

ஆஸ்பத்திரித் தரையை இருபத்திரண்டு வருஷம் துடைத்தவள், சொன்னபடி செய்தாள். அன்னாவின் கை சுவரை மேலிருந்து கீழே துடைக்கிற வேகத்தைப் பார்த்தால், வருஷா வருஷம் துடைத்த கை என்று தெரிந்தது. அன்னா வீட்டு வாடைக்கு ஜன்னல் திறந்தா, மூடியா என்பதல்ல விஷயம் என்று பவுலினுக்கு உறைத்தது.

"மேல இன்னா வெச்சிருக்கற?" என்றாள் அன்னா திடீரென்று.

மாடிக்குப் போனார்கள். வடக்குக் கைப்பிடிச் சுவரோரம், வரிசையாகப் பதினோரு ரோஜாத் தொட்டிகள். அவற்றுக்குப் பின்னால் கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அன்னா இரண்டு தொட்டிகளை நகர்த்திவிட்டு முழங்கை வரைக்கும் கையை விட்டாள். மழைத்தண்ணீர் போகிற ஓட்டையிலிருந்து மண்ணும் வேரும் அழுகின ரோஜா இதழுமாக ஒரு கட்டி வெளியே வந்தது. குழாயில் தண்ணீர் கடகடவென்று இறங்கியது. இத்தனை நாளாகச் சுவருக்குள் இறங்கி அடியில் ஊறியது இந்தத் தண்ணீர்தான்.

"மாதாவுக்கு வெச்சதா?"

"ம்."

"அந்தப் பக்கமா வெச்சா மாதா வேணான்னு சொல்ல மாட்டாங்க."

தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மறுபக்கம் வைத்தார்கள். ஏழாவது தொட்டி இருவர் கையிலும் இருக்கும்போது பவுலின் ஆரம்பித்தாள். "அன்னா, போன வருஷம் உங்க வீட்ல…"

"அடியப் பிடி, வழுக்குது" என்றாள் அன்னா.

மாதக் கடைசியில் மிச்சம் இருந்த நாட்களில் ஒன்றை டீச்சர் பவுலினுக்குக் கொடுத்தார். கேட்காமலே கொடுத்தார். மழை விட்டிருந்தது. வடக்குச் சுவர் காய்ந்து, தேமல் விழுந்த முதுகு மாதிரித் திட்டுத் திட்டாக நின்றது. பெட்ஷீட் கட்டவில்லை. புள்ளி போகாத வெள்ளைத் துணியையே துவைத்து விரித்து, மாதாவைச் சுவர் முன்னால் வைத்தாள். நாலு ரோஜாதான் பிழைத்திருந்தது, அதை வைத்தாள். வந்தவர்கள் கண் ஒவ்வொன்றும் முதலில் சுவருக்குப் போய்ப் பிறகு மாதாவுக்கு வந்தது. பவுலின் தலை நிமிரவில்லை.

ஜெபத்துக்கு நடுவில், எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் தங்கள் கருத்தைச் சொல்வது வழக்கம். டீச்சர் அவளைப் பார்த்தார். சொல்ல வேண்டியதைப் பவுலின் நாலு நாளாக மனசில் அடுக்கி வைத்திருந்தாள்.

"போன வருஷம் அன்னா வீட்ல நான் மூக்க மூடிக்கினு ஒரு வார்த்த பேசினேன். அதுக்காக…"

வாக்கியம் முடியுமுன் அன்னா அடுத்த பத்து மணியைத் தொடங்கிவிட்டாள், கணீரென்று. எல்லாரும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள்.

அவள் மன்னித்துத்தான் தொடங்கினாளா, இல்லை அத்தனை பேர் நடுவில் அந்த வார்த்தையை இன்னொரு தடவை கேட்கப் பிடிக்காமல் தொடங்கினாளா, பவுலினுக்குத் தெரியாது. இப்போதும் வேலை முடிந்து வந்ததும் முதலில் இரண்டு ஜன்னலையும் திறக்கிறாள். திறக்கிற ஒவ்வொரு தடவையும் முகம் சூடாகிறது. அந்தச் சூட்டோடேயே போய் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலிடுகிறாள்.